நான் பார்த்தேன் சார்!

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று பாட்டி சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். காதால் கேட்பது பொய், சரி. கண்ணால் கண்டது எப்படிப் பொய்யாகும்? சந்தையில் நடந்த அந்த விஷயத்துக்குப் பிறகு சிரிப்பதில்லை.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர், பேர் வேண்டாம். சந்தை முடிந்து இருட்டும் நேரம். ஒரு பைக், தக்காளிக் கூடையோடு நடந்துபோன பாட்டியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. நானும் நண்பனும் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தோம். போலீஸ்காரர் வந்து கேட்டதும் நான்தான் முந்திக்கொண்டேன். நீலச் சட்டை, தாடி. "பல்சர் வண்டிதானே?" என்றார். "ஆமா சார்" என்றேன். சத்தியமாக அந்த நிமிடம் என் கண்முன் பல்சர்தான் ஓடியது! நண்பன் வெள்ளைச் சட்டை என்றான். அவனுக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று கிண்டல் வேறு செய்தேன்.

மறுநாள் காலையில் கூப்பிட்டார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் என் வயதுப் பையன் ஒருவன். தாடி இருந்தது. வெளியே பல்சர் நின்றது. "இவனா பாரு." நான் அவனையே பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவன்தான் என்று தோன்றியது. "இவர் மாதிரிதான் சார் இருந்தாரு" என்றேன். இரண்டு மணி நேரம் எனக்கு எதிரிலேயே அவனை உட்கார வைத்திருந்தார்கள். பிறகு ஒரு உரக்கடை கேமராவில் படம் கிடைத்தது. பழைய ஸ்ப்ளெண்டர், நாற்பது வயது ஆள், தாடியே இல்லை. சட்டை வெள்ளை.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இதைப் பற்றித் தேடிப் படித்தபோது எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கிடைத்தார். அவரும் ஜான் பால்மரும் 1974-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கார்கள் மோதும் படத்தை மாணவர்களுக்குக் காட்டி, "மோதியபோது என்ன வேகம்?" என்று 50 பேரிடமும், "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்ற கேள்வி. படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. முதல் கூட்டத்தில் 7 பேர் பார்த்தேன் என்றார்கள், இரண்டாவதில் 16 பேர். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். என் பல்சர் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அடையாள அணிவகுப்பு என்று சட்டத்தில் இருப்பது இதற்காகத்தான். சந்தேக நபரைத் தனியாகக் காட்டாமல், அதே சாயலில் உள்ள மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னிலையில் காட்டச் சொல்வார்கள். அதற்கு முன் சாட்சி அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அப்படியும் அது துணைச் சான்றுதான். பெஞ்சில் ஒருவனை மட்டும் உட்கார வைத்து "இவனா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

அப்படியானால் கண்ணால் கண்ட சாட்சியையே தள்ளிவிடலாமா? நம் மாவட்டத்துக்காரன் அப்படிச் சொல்லவே முடியாது. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். வந்தவர்களோ நூற்றுக்கணக்கில், எல்லாம் யூனிஃபார்ம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, முகம் மட்டும்தான். அந்த முகங்களை அந்தப் பெண்கள் அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 17 பேர் மீது பாலியல் வன்முறைக் குற்றம். 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

என்னைப் போல மூன்று நொடி பார்த்தவர்கள் அல்ல அவர்கள். பகல் வெளிச்சத்தில் ஏரிக்கரையில், பிறகு இரவெல்லாம் அரூர் வனத்துறை அலுவலகத்தில் அந்த ஆட்களின் நடுவில் இருந்தவர்கள். பத்தொன்பது வருடம் வழக்கு இழுத்தும் சொன்ன சொல்லில் நின்றார்கள். என் சாட்சியையும் அவர்கள் சாட்சியையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம்.

இலக்கியம்பட்டி பஸ் எரிப்பு இன்னொரு கதை. 2000 பிப்ரவரி 2, பட்டப்பகல். கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூன்று பேர் பலியானார்கள். கிருஷ்ணகிரியில் விசாரணை நடந்தபோது சாட்சிகள் வரிசையாகப் பிறழ, 2003-ல் உயர் நீதிமன்றம் சேலத்தில் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது. அங்கே பிரச்சினை கண்ணில் இல்லை, வாயில். நம் ஊரில் சாட்சி என்றாலே பேசப்படுவது இதுதான். உண்மையாகவே நம்பித் தப்பாகச் சொல்கிறவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்தப் பையன் இப்போது ஒரு மொபைல் கடையில் வேலை செய்கிறான். போன மாதம் சார்ஜர் வாங்கப் போனேன். தாடி எடுத்திருந்தான், எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்ததும், "ஸ்டேஷனுக்கு வந்தீங்கள்ல?" என்றான். மீதிச் சில்லறையை எண்ணாமலே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.