திமில் இல்லாத ஒட்டகம்

தென் அமெரிக்காவின் பெரு நாட்டிற்குக் குடும்பத்துடன் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்திலுள்ள கூஸ்கோ நகரில் ஒரு பகலை லாமாக்களுக்கென ஒதுக்கி விடுங்கள். அங்கிருந்து பீசாக் செல்லும் மலைப்பாதையில் சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ‘அவானா காஞ்சா’ பண்ணை.

லாமா, அல்பாக்கா, குவானாக்கோ, விக்குன்யா ஆகிய நான்கும் ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீண்ட கழுத்திலும் பிளவுபட்ட மேலுதட்டிலும் அதே சாயல். திமில் மட்டும் இல்லை. பாலைவனத்திற்கு ஒன்று, பனிமலைக்கு வேறொன்று! காற்று மெலிந்த உயரத்தில் மூச்சுத் திணறாதிருக்க, பிராணவாயுவை ஈர்க்கும் ஆற்றலை அவற்றின் இரத்தத்திற்கு மிகுதியாக அளித்திருக்கிறான் வல்ல அல்லாஹ். ஒட்டகத்தின் படைப்பைச் சிந்திக்கத் தூண்டும் திருமறையின் 88-ஆம் அத்தியாயம் இங்கே நினைவுக்கு வராமற் போகாது.

குழந்தைகள் தம் கையாலேயே புல் ஊட்டலாம். சீண்டினால் மட்டும் முகத்தில் உமிழ்ந்து விடும், எச்சரிக்கை! அருகே பெண்கள் கம்பளி நூல் நூற்று, கள்ளிச் செடியில் வாழும் சிறு பூச்சியிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தில் தோய்த்து, தறியில் நெய்வதையும் காணலாம்.

லாமா சுமார் 25 முதல் 30 கிலோ வரை சுமக்கும். சுமை அளவு மீறினால் அப்படியே படுத்துக் கொள்ளும், எளிதில் எழாது. எல்லாப் பிராணிகளுக்கும் அந்தத் துணிவு இல்லை. பொதி சுமக்கும் கழுதையும் வண்டி இழுக்கும் காளையும் விழும்வரை நடக்கின்றன. வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் இறைவனை அஞ்சுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவற்றிற்காகப் பேச வேண்டியவர்கள் நாமல்லவா? திரும்பும் வழியில் இதனை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.