காற்றுக்கு எதிரே நேர்வழி இல்லை



‘பாய்’ என்றால் என்னவென்று கேட்டால் என் வகுப்பு மாணவர்கள் உடனே விடை கூறுவர்: தரையில் விரித்துப் படுப்பது. மரக்கலத்தில் காற்றைப் பிடிக்கக் கட்டப்படுவதும் பாய்தான் என்று சொன்னால் வியப்புடன் பார்ப்பர். தமிழின் ‘கப்பல்’தான் மலாயில் ‘காப்பால்’ ஆயிற்று என்பர் மொழியறிஞர். ஆயினும், நானறிந்த தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாட நடவடிக்கைப் பட்டியலில் காற்பந்து உண்டு, ஓட்டப்பந்தயம் உண்டு. பாய்மரப் படகு இல்லை.

எங்கள் பள்ளி மாணவர்கள் சிலரை அறிமுகப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்றொரு பேச்சு எழுந்தது. தான் அறியாத ஒன்றுக்குப் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்பது முறையன்று என எண்ணி, நாற்பத்து நான்காம் வயதில் நானே கற்றுக்கொள்ளச் சென்றேன். போர்ட்டிக்சன் கடற்கரையில் நான்கு வார இறுதிகள். அங்குக் கற்றவற்றுள் சில, வகுப்பறைக்கும் வீட்டிற்கும் உரியவை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சிறுவர் பழகும் படகின் பெயர் ‘ஆப்டிமிஸ்ட்’. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது. ஒட்டுப்பலகை கொண்டு குறைந்த செலவில் எவரும் செய்துகொள்ள வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எடை 35 கிலோகிராம், ஒரே ஒரு பாய். மூக்கு மழுங்கிய குளியல் தொட்டி போல் இருக்கும். பதினைந்து வயது வரை இதில் போட்டியிடலாம். பெரியவர்களுக்கு 4.2 மீட்டர் நீளமுள்ள ‘லேசர்’ படகு. அதன் ‘ரேடியல்’ பிரிவில்தான் நம் நாட்டின் நூர் ஷஸ்ரின் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும் போட்டியிட்டார்.

முதல் பாடம் கரையிலேயே நடந்தது. காற்று எங்கிருந்து வருகிறது? கொடியைப் பார், நீரின் சிற்றலையைப் பார், கன்னத்தில் உணர் என்றார் பயிற்றுநர். படகைத் தொடுவதற்கு முன்பே அரைமணி நேரம் காற்றைப் படித்தோம். பின்னர் உறுப்புகள்: பாய்மரம், பாயின் அடிக்கழி, பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் பாய்க்கயிறு, பின்னால் சுக்கான், நடுவில் நீருக்குள் இறங்கும் நடுப்பலகை. சுக்கானின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இதைச் சொல்லிக் கேட்டால் மூளைக்கு விளங்கும், கைக்கு விளங்காது. கைக்கு விளங்க ஒரு முழு நாள் வேண்டும். செய்துதான் கற்க வேண்டும் என்று பயிற்சிக் கழகத்தில் நாம் படித்தோமே, அதன் பொருள் இதுதான்!

இரண்டாம் பாடம் கவிழ்தல். ஆம், நாமாகவே படகைக் கவிழ்க்க வேண்டும். உயிர்காப்பு அங்கியுடன், கரைக்கு அருகில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்பொழுதே இது நடக்கும். கவிழ்ந்தவுடன் படகை விட்டு நீந்திச் செல்லலாகாது. படகு மிதக்கும், அதனோடு இருக்க வேண்டும். சுற்றிச் சென்று நடுப்பலகையின் மேல் ஏறி, விளிம்பைப் பற்றிப் பின்னால் சாய்ந்தால், நீரைச் சொரிந்துகொண்டே படகு மெல்ல எழும். நிமிர்ந்த ஆப்டிமிஸ்டில் நீர் தேங்கி நிற்கும். கட்டிவைத்த குவளையால் பிள்ளைகள் அதை இறைத்துவிட்டு மீண்டும் புறப்படுவர். கவிழாமல் ஓட்டக் கற்பிப்பதற்கு முன், கவிழ்ந்தால் எழக் கற்பிக்கிறார்கள். நம் வகுப்பறைகளில் இந்த வரிசை எவ்வாறு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். தவறிய விடையை எவ்வாறு நிமிர்த்துவது என்பதை நாம் எந்த வாரத்தில் கற்பிக்கிறோம்?

மூன்றாம் பாடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பலத்த காற்று வீசிப் படகு ஒருபுறம் சாய்ந்தபொழுது மலாய்க்காரரான பயிற்றுநர் உரக்கக் கூவினார்: “லெப்பாஸ்கான் தாலி!” மலாயில் தாலி என்றால் கயிறு, கயிற்றை விடு என்பது பொருள். தமிழ்ப்பெண்ணின் காதில் அது எவ்வாறு விழும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்! ஆனால் அந்தக் கட்டளையில்தான் இந்தக் கலையின் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அச்சம் வந்தால் மனிதக் கை இறுகப் பற்றும். பாய்க்கயிற்றை இறுகப் பற்றினால் பாய் இன்னும் காற்றை வாங்கும். படகு இன்னும் சாயும். தளர்த்தினாலோ பாய் காற்றை உதறிவிட்டுக் கொடிபோல் படபடக்கும். படகு நிமிரும், வேகம் தணியும். பற்றுவது ஆபத்து, விடுவது காப்பு என்பதைக் கைக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண் குறைந்த நாளில் நம் கை இறுகுகிறதா, தளர்கிறதா?

நான்காம் பாடமே இந்தக் கட்டுரைக்குத் தலைப்பைத் தந்தது. காற்று வரும் திசையை நோக்கி எந்தப் பாய்மரப் படகும் நேராகச் செல்லாது. காற்றுக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரை அதற்குத் தடைப்பகுதி. அங்கு மூக்கை நுழைத்தால் பாய் படபடக்கும், படகு நின்றுவிடும். அப்படியானால் காற்றுக்கு எதிரே உள்ள இடத்தை அடைவது எப்படி? சற்று வலமாகச் சென்று, திரும்பி, சற்று இடமாகச் சென்று, மீண்டும் திரும்பி, கோணல் கோணலாக ஏற வேண்டும். வளைந்த பாயின் இருபுறத்துக் காற்றழுத்த வேறுபாடு படகை இழுக்கிறது. நடுப்பலகை பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கிறது. எஞ்சிய விசை முன்னே செலுத்துகிறது. கரையில் நிற்பவருக்குப் படகு இலக்கை விட்டு விலகுவது போலவே தோன்றும். ஓட்டுபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் இலக்கை நெருங்கிக்கொண்டிருப்பார்.

புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியார், கரிகாலனின் முன்னோன் ஒருவனைக் காற்றின் செயலறிந்து மரக்கலம் செலுத்தியவன் என்னும் பொருள்படப் போற்றுகிறார். பல்லாண்டுகள் அந்தப் பாடலை விளக்கியிருக்கிறேன். காற்றை ஆள்வது அதை அடக்குவது அன்று, அதன் இயல்புக்கேற்பப் பாயைத் திருப்புவது என்பது இப்பொழுது எனக்குத் தோள்வலியுடன் தெரியும்.

பயிற்சி முடித்துத் திரும்பியபின் ஒப்புதல் கடிதங்களை அனுப்பினோம். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் கையெழுத்திடாமல் நேரில் வந்தார். “டீச்சர், எதுக்கு வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன். தண்ணிக்கு மட்டும் கேட்காதீங்க,” என்றார். அவருடைய தம்பி பதினொரு வயதில் ஈயக்குட்டையில் மூழ்கி இறந்தவராம். அந்தக் குட்டையோரத்தில் அன்று பெரியவர் எவரும் இல்லை. நீந்தத் தெரிந்தவரும் இல்லை. அந்த அச்சத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவருக்கு எதிரே வீசும் காற்று. வற்புறுத்தாமல், கடலில் முதலில் கவிழக் கற்றதை மட்டும் சொன்னேன். இரண்டு வாரம் சென்று அவரே கேட்டார்: “நீச்சல் எங்க சொல்லித் தராங்க, டீச்சர்?” மகள் இப்பொழுது ஞாயிறுதோறும் நீச்சல் பழகுகிறாள். கடிதம் கையெழுத்தின்றியே என் மேசையில் இருக்கிறது. இருக்கட்டும், முதல் திருப்பம் நிகழ்ந்துவிட்டது.

இத்தகைய கடிதம் உங்கள் கைக்கும் வந்தால், இடம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அளவுக்கேற்ற உயிர்காப்பு அங்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டா? இயந்திரம் பொருத்திய காப்புப் படகு பயிற்சி முழுவதும் நீரில் இருக்குமா? கவிழ்தல் பயிற்சியை முதலிலேயே தருவார்களா? வானிலையைப் பார்த்துப் பயிற்சியை நிறுத்தும் பொறுப்பு யாருடையது? மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ எனப்படும் திடீர்ச் சூறைக்காற்று இடிமின்னலோடு வருவதுண்டு. பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். ஆகவே நான்காம் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

நான்கிற்கும் தெளிவான விடை கிடைத்தால் மகனோ மகளோ, அனுப்பிவையுங்கள். விடை மழுப்பலாக இருந்தால் அனுப்பாதீர்கள். அதுவும் பொறுப்புள்ள பெற்றோரின் செயலே. அனுப்பிய பின் கரையில் நின்று ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையின் படகு கோணலாகப் போகும்பொழுது, “நேராகப் போ!” என்று கூவாதீர்கள்.