வைக்கோல் ஏறும் வண்டி

தை மாதத்தில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், தஞ்சை, திருவாரூர் மாவட்டங்களின் சாலைகளில் நெல்லைக் காட்டிலும் வைக்கோலே கண்ணை நிறைக்கும். நெல் மூட்டைக்குள் அடங்கித் தார்ப்பாய்க்குள் மறைந்து கொள்முதல் நிலையத்தின் வாசலில் சத்தமின்றிக் காத்துக் கிடக்க, வைக்கோலோ சாலையின் அகலம் முழுவதையும் தன் உரிமையாக்கிக்கொண்டு, எதிரே வரும் பேருந்தை ஓரங்கட்டச் செய்து, மேலே போகும் மின்கம்பிக்கு ஒரு முழமே மிச்சம் என்ற நிலையில், கேரளத்துக்கும் கொங்கு நாட்டுக்கும் பிரயாணமாகிறது. அந்தப் பிரயாணத்தின் முதற்கட்டம், அதாவது வயலிலிருந்து லாரி நிற்கும் தார்ச்சாலை வரையிலான கட்டம், டிராக்டரின் பின்னே இழுபடும் டிரெய்லரில்தான் நடைபெறுகிறது. புதிய டிரெய்லர் ஒன்று செய்விக்க உத்தேசித்திருந்த என் தாய்மாமனுடன், வடுவூருக்கு அப்பால் மன்னார்குடி சாலையில் இருக்கும் ஒரு பட்டறைக்குச் சென்று வந்தேன்.

பட்டறைக்கு உரியவரை எல்லோரும் மேஸ்திரி என்றே அழைக்கிறார்கள். அவருடைய பாட்டனார் கட்டைவண்டி செய்த தச்சர். வட்டை, ஆரக்கால், குடம் என்று மரத்தில் இழைத்த அந்தப் பரம்பரை, மரச்சக்கரம் போய் டயர் வண்டி வந்து, அதன்பின் டிராக்டரும் ஊருக்குள் நுழைந்த காலத்தில், உளியை வைத்துவிட்டு வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டது. சென்னையில் டிராக்டர் செய்யும் டாஃபே கம்பெனி தொடங்கிய ஆண்டு 1960 என்பதை நினைத்துப் பார்த்தால், இம்மாற்றம் எத்தனை குறுகிய காலத்தில் நிகழ்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

மாமா தமக்கு வேண்டியதை ஏற்கெனவே தீர்மானித்துக்கொண்டே வந்திருந்தார்.

"நாலு சக்கரமாப் போட்டுருங்க மேஸ்திரி. சேனல் மட்டும் நல்ல கனமா இருக்கணும்."

"ஏத்தப்போறது என்னங்கய்யா? மணலா, வைக்கோலா?"

"வைக்கோல்தான். அறுப்பு சமயத்துல நெல்லும் ஏத்துவோம்."

"அப்பன்னா கனத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஒசரத்தைப் பத்திக் கவலைப்படுங்க."

இவ்வாறு சொன்னவர், கீழே கிடந்த தகட்டின்மேல் சாக்பீஸால் கணக்குப் போடத் தொடங்கினார். 12 அடி நீளமும் 6 அடி அகலமும் 2 அடி உயரத் தடுப்பும் உள்ள ஒரு தொட்டியில் நெல்லை மட்டமாக நிரப்பினால் 2 டன்னுக்குச் சற்று மேற்படும். அதே தொட்டியில் மணலை நிரப்பினால் 6 டன்னைத் தாண்டிவிடும். இக்காலத்தில் பேலர் இயந்திரம் சுருட்டிப்போடும் வைக்கோல் கட்டு ஒன்று சுமார் 20 கிலோ இருக்கும். 100 கட்டுகளை ஏற்றினாலும் 2 டன்தான். ஆகவே அடியிலிருக்கும் இரும்பைப் பொறுத்தமட்டில் நெல்லும் வைக்கோலும் சமபாரமே. ஆனால் நெல்லின் பாரமெல்லாம் தட்டுக்கு ஓரடி மேலே அடங்கிக் கிடக்க, வைக்கோலின் பாரம் பத்தடி உயரத்துக்கு எழும்பி, அதன் மையம் தட்டுக்கு ஐந்தடி மேலே போய் நின்றுகொள்கிறது. வடவாற்றங்கரைத் திருப்பத்தில் ஒரு பக்கத்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால், நெல் வண்டி சாய்ந்து நிமிர்ந்துவிடும். வைக்கோல் வண்டி சாய்ந்ததோடு சரி. அளவுக்கு மீறி ஏற்றினால் மயிற்பீலி வண்டிக்கும் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். அது மெய்தான், ஆயினும் வைக்கோல் விஷயத்தில் அச்சு முறியும் கட்டம் வருவதற்கு வெகு முன்னதாகவே வண்டி குடைசாய்ந்துவிடும் என்பது மேஸ்திரியின் அபிப்பிராயம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கனமான இரும்பைக் கேட்டு வாங்குகிறவர்கள், எக்காலத்திலும் ஏற்றாத மணலுக்காகப் பணத்தைச் செலவழித்து, அந்த வெற்றுப்பாரத்தை இழுப்பதற்காக ஆண்டு முழுவதும் டீசலையும் செலவழிக்கிறார்கள்.

உயரத்தைக் குறைக்க வேண்டும் என்ற இந்த ஒரே நோக்கத்திலிருந்துதான் டயர் முதலிய மற்ற தீர்மானங்கள் பிறக்கின்றன. லாரியிலிருந்து கழற்றிய பழைய 10.00-20 அளவு டயர்கள் மலிவாகக் கிடைப்பதால் பலரும் அவற்றையே நாடுகிறார்கள். அவை தட்டை மேலே தூக்கிவிடுகின்றன. 9.00-16 அளவு டயரானால் தட்டு தாழ்ந்து நிற்கும். ஈரவயலில் அது சற்று அதிகமாகப் புதையும் என்ற குறை உண்டுதான். அதற்குப் பரிகாரம் வயல் காயும்வரை இரண்டு நாள் பொறுப்பதே.

நாலு சக்கரமா, இரண்டு சக்கரமா என்ற கேள்விக்கு மேஸ்திரி சொன்ன விடையில் அவருடைய பாட்டனார் பேசுவதைக் கேட்டேன். மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலெழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். இரண்டு சக்கர டிரெய்லரிலும் இதே கணக்குத்தான். அச்சைத் தட்டின் நடுவுக்குச் சற்றுப் பின்னே தள்ளி வைப்பதால், பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில் இறங்குகிறது. அந்த முன்பாரம் அளவோடு இருந்தால் டிராக்டரின் பின்சக்கரங்கள் மண்ணை நன்கு பற்றிக்கொள்ளும். மிஞ்சினால் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் போகும். பின்பாரமாகிவிட்டாலோ, கொக்கியை மேல்நோக்கித் தூக்குவதோடு, வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். கட்டு ஏற்றும் ஆட்கள் பின்பக்கத்தில் அரைக்கட்டு நீட்டி அடுக்குவதில் விருப்பமுள்ளவர்களாதலால், வைக்கோல் வண்டிக்குப் பின்பார அபாயமே அதிகம். அதனை முன்னரே எதிர்பார்த்து, நெல் வண்டிக்கு வைப்பதைவிட அச்சை இன்னும் சற்றுப் பின்னே வைப்பதுதான் இந்தப் பட்டறையின் வழக்கம். நாலு சக்கர டிரெய்லரில் இந்தச் சங்கடம் கிடையாது. பாரம் முழுவதையும் அது தன் சக்கரங்களிலேயே தாங்கிக்கொள்ளும், நெடுஞ்சாலையில் நிதானமாகவும் வரும். ஆனால் முன்னச்சு தனியே திரும்புவதால், அதைப் பின்னோக்கித் தள்ளுவது தேர்ந்த டிரைவரையும் திணறடிக்கும். வாய்க்கால் கரையோடு போய், திரும்ப இடமின்றிப் பின்னோக்கியே வரவேண்டிய வயல்கள் என் மாமாவுடையவை.

கொக்கியைப் பற்றிய பேச்சு வந்தபோது மேஸ்திரியின் குரலில் கண்டிப்பு ஏறிற்று. இழுக்கும் இடம் டிராக்டரின் பின்னச்சுக்குக் கீழே இருந்தே ஆகவேண்டும். அதற்கு மேலே மாட்டினால், டிரெய்லர் சேற்றில் சிக்கிய கணத்தில், டிராக்டர் தன் பின்னச்சையே சுழல்மையமாகக் கொண்டு மூக்கைத் தூக்கி, ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்துவிடும். வரப்பில் இடிக்கிறது என்று சொல்லிக் கொக்கியை உயர்த்தி வைக்கச் சொல்லுகிறவர்களுக்கு இங்கே வேலை செய்து தருவதில்லை. டிரெய்லரைக் கொக்கியோடு பூட்டும் பின்னைச் செருகும் வளையத்தை, கம்பியை வளைத்து ஒட்டவைத்துச் செய்யாமல், காய்ச்சி அடித்து உருவாக்கியதாகவே வாங்கிப் போடுகிறார்கள். துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால், ஒவ்வொரு பிரேக்குக்கும் இரண்டு டன் பாரம் பின்னை ஒருமுறை அறைந்து பார்க்கும். பின்னின் அடியில் மாட்டும் கிளிப் தொலைந்தவுடன் ஆணியையோ கட்டுக்கம்பியையோ முறுக்கி வைத்து ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை, பட்டறை வாசலில் அன்று நின்ற டிராக்டர்களைக் கொண்டே தெரிந்துகொண்டேன். கிளிப் உள்ள பின் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

பட்டறையின் உட்புறத்தில் ஒரு சட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. சேனல்களை முக்காலிகள்மேல் பரப்பி, முதலில் மூலைக்கு மூலை புள்ளி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக அளந்து, இரண்டு அளவும் ஒத்த பிறகே முழு வெல்டிங்கைத் தொடங்குகிறார்கள். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டினால் சட்டம் முறுக்கிக்கொள்ளுமாதலால், இங்கே ஒரு சாண், எதிர்மூலையில் ஒரு சாண் என்று மாறி மாறிப் போகிறார்கள். அச்சைப் பொருத்துவதில் காட்டும் சிரத்தைதான் என்னை வியக்கவைத்தது. கொக்கி வளையத்தின் நடுவிலிருந்து அச்சின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்துப் பார்க்கிறார்கள்; இரண்டு நூலும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். அதில் அரை அங்குலம் பிசகினால், டிரெய்லர் நண்டு நடையில் ஒருக்களித்தே வந்து, டயரின் ஓரத்தை ஒரே பருவத்தில் தின்றுவிடும்.

பற்றவைப்பவர் ஐம்பது வயதை நெருங்கிய மனிதர். வெல்டிங் கம்பிகளை, எரியும் மின்விளக்கு வைத்த ஒரு தகரப்பெட்டிக்குள் வைத்திருக்கிறார்; ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நமத்துப்போன கம்பியால் பற்றவைத்தால் இணைப்புக்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும் என்று காரணம் சொன்னார். கருப்புக் கண்ணாடியை இடக்கையில் பிடித்துக்கொள்கிறார். அவருக்குக் கம்பி எடுத்துக்கொடுக்கும் இளைஞன் பீகாரிலிருந்து வந்தவன். அவனுக்கு அந்தக் கண்ணாடியும் இல்லை. வெறுங்கண்ணால் அந்த ஒளியைப் பார்த்துவிட்டால், அன்றிரவு கண்ணுக்குள் மணல் விழுந்தாற்போல் உறுத்தித் தூக்கம் கெடும் என்று பெரியவர் தம் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, அவன் இரண்டு முறை அதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தருவதில் என்ன சிரமம் என்று மேஸ்திரியைக் கேட்டேன். "வாங்கிக் குடுத்தேன் சார், வேர்க்குதுன்னு போடமாட்டேங்கறான்" என்றார். அந்தச் சமாதானம் எனக்குத் திருப்தி அளிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் பார்த்த வைக்கோல் டிரெய்லர்களில் அது இருந்ததில்லை. நிறுத்தும் பொறுப்பு முழுவதும் டிராக்டரைச் சேர்ந்தது. உழும்போது திரும்புவதற்கு வசதியாக இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் தனித்தனியே உள்ள பிரேக் மிதிகளை, சாலைக்கு ஏறுமுன் கொண்டி போட்டு ஒன்றாக இணைத்துவிட வேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால், பின்னால் வரும் பாரம் டிராக்டரைச் சுற்றிக்கொண்டு முன்னே வந்துவிடும்.

முடிவில் என் மாமா இரண்டு சக்கரம், 12 அடித் தட்டு, 9.00-16 டயர், கழற்றி மாட்டக்கூடிய முளைக்கம்புகள், டிராக்டர் சைலன்சரிலிருந்து பறக்கும் பொறி வைக்கோலை அண்டாதபடி தகடு அடித்த முன்தடுப்பு என்று சொல்லி முன்பணம் கொடுத்தார். கனத்த சேனலுக்காக ஒதுக்கி வைத்திருந்த பணம் கையில் மிஞ்சியது. அதிலிருந்து ஒரு சிறு பங்கைப் பின்விளக்குக்குச் செலவிடும்படி மேஸ்திரி சொன்னதை, டிரெய்லர் செய்விக்க எண்ணும் ஒவ்வொருவருக்கும் நான் திருப்பிச் சொல்ல விரும்புகிறேன். தொங்கும் வைக்கோல் விளக்கை மூடிவிடுமாதலால், அதைத் தட்டின் விளிம்பில் வைக்காமல், பின்னே நீட்டி மாட்டும் ஒரு கட்டையில் வையுங்கள். அதே கட்டையில் இரண்டு சிவப்பு ஒளிப்பட்டைகளையும் ஒட்டுங்கள். பின்னுக்குக் கிளிப் இரண்டாக வாங்கி, ஒன்றை டிராக்டரின் கருவிப்பெட்டியில் போட்டு வையுங்கள்.