யாரைக் கேட்டு மாத்துறாங்க?

போன சுவரிதழில் நான் கோலம் வரைந்திருந்தேன். இந்தத் தடவை எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைக் கட்டுரையாக எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் உங்களுக்கெல்லாம் தெரியும். மழை பெய்தால் ஊசி போடுற ரூமில் பக்கெட் வைப்பார்கள். அதை மூணு கிலோமீட்டர் தள்ளி, பெங்களூர் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், புதுக் கட்டடத்துக்கு மாத்தப் போறதாக ஆகஸ்ட் 15 கிராம சபையில் சொன்னார்களாம். "சொன்னார்களாம்" என்று ஏன் எழுதுகிறேன் என்றால் எங்க வீட்டில் யாருமே போகவில்லை. அம்மா ரோஜாத் தோட்டத்துக்குப் பூ பறிக்கப் போயிட்டாங்க. அப்பா சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கினார். ஆயாவால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது.

எங்க ஆயாவுக்குச் சக்கரை வியாதி. இடது காலில் புண் ஆறவே இல்லை. மாத்திரைக்குக் கஷ்டம் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' அக்கா வீட்டுக்கே வந்து பிரஷர், சக்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறாங்க. அந்தத் திட்டத்தை அப்போது முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைத்தார். ஆனால் புண்ணுக்குக் கட்டு மாத்த ஆயா ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். கோலை ஊன்றிக்கொண்டு அரைமணி நேரம் நடக்கும். விஷயம் கேள்விப்பட்டதும் ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரைக் கேட்டு மாத்துறாங்க பாப்பா? புண்ணு என் கால்ல இருக்குது. என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?" என்றது.

எனக்கும் கோபம். மறுநாள் சமூக அறிவியல் சாரிடம் சொன்னேன். சார் சொன்னது: சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. அதனால் அது நம்ம ஒரு ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை. கிராம சபை 2022-ல் இருந்து வருஷத்துக்கு ஆறு தடவை நடக்கிறது. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற யாரும் அதில் பேசலாம். இங்கிலாந்தில் 2006-ல் வந்த ஒரு சட்டம், வைத்தியம் நடக்கிற முறையை மாத்துறதுக்கு முன்னாடி அதை உபயோகிக்கிற மக்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. கடைசியாக, "உனக்கு ஓட்டு இல்லை. ஆனா நோட்டு இருக்கு, பேனா இருக்கு. போய்க் கேட்டு எழுது. உங்க ஆயாவை மட்டும் கேட்டா போதாது" என்றார்.

காலாண்டு லீவில் ஒரு புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்கு நானும் என் தோழியும் ஆஸ்பத்திரி வராண்டாவுக்குப் போனோம். அவளுக்குத் தெலுங்கும் கன்னடமும் தெரியும். எல்லாரும் "வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்வார்கள், அதை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நான் நினைத்தேன்.

அப்படி நடக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கொட்டாயிலிருந்து வந்த கர்ப்பிணி அக்கா, "மாத்தட்டும் பாப்பா. போன பிரசவத்துக்கு ராத்திரி வலி எடுத்து, இந்தச் சந்துல 108 வண்டி திரும்பவே முடியல. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார். கைக்குழந்தையோடு வந்த பீகார் அக்காவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கம்பெனி லைன் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வருகிறாராம். புது இடம் அவருக்கு நடக்கிற தூரம். எங்க தெரு தாத்தாக்கள் மட்டும் ஆயா மாதிரியே சொன்னார்கள். ஒரு தாத்தா, "லாரி நிக்காத ரோடு அது. தாண்டுறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பது பேரைக் கேட்டோம். பாதிப்பேர் போகலாம் என்றார்கள், பாதிப்பேர் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கர்ப்பிணி அக்காவைப் பற்றி நான் ஒருநாள்கூட நினைத்தது இல்லை.

ராத்திரி ஆயாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தது. அப்புறம், "புள்ளத்தாச்சி கஷ்டப்படக் கூடாது. கட்டடம் அங்க போவட்டும். கட்டு மாத்த ஒரு நர்ஸம்மாவை இங்க விடச் சொல்லு" என்றது. நானும் தோழியும் யோசித்தும் எங்களுக்குத் தோணாததை ஆயா சொல்லிவிட்டது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தாங்க. மைக் பிடிச்சதே அன்றைக்குத்தான். கை நடுங்க, நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தாங்க. பழைய இடத்தில் வாரம் மூணு நாள் கட்டு மாத்த நர்ஸ் வேண்டும். ரோட்டைத் தாண்ட நல்ல வழி வேண்டும். 2021-ல் இருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ஆனால் எங்க ஊர் பஸ் காலையில் ஏழு மணிக்கும் சாயந்திரம் ஐந்து மணிக்கும்தான் வருகிறது. ஓ.பி. சீட்டு கொடுக்கிற நேரத்துக்கும் ஒரு பஸ் வேண்டும். மூன்றையும் தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இன்னும் பதில் வரவில்லை. ஆயா தினமும் "என்னாச்சு பாப்பா?" என்று கேட்கிறது.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளைத் தமிழம்மா நடத்தினாங்க. வைத்தியத்துக்கு நாலு விஷயம் வேண்டும் என்று வள்ளுவர் வரிசையாகச் சொல்கிறார். அதில் நோயாளிதான் முதலில் வருகிறார், வைத்தியர் இரண்டாவதுதான். அதனால் ஆஸ்பத்திரி விஷயத்தில் நோயாளியைத்தான் முதலில் கேட்கணும். கேட்கிறவங்க எங்க ஆயாவையும் கேட்கணும், அந்தப் பீகார் அக்காவையும் கேட்கணும்.

உங்க வீட்டிலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதி என்னிடம் கொடுங்கள். அடுத்த கிராம சபைக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி