தேனியிலிருந்து கத்திப்பாரா வரை

பழைய தேசிய நெடுஞ்சாலை 45 மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் தேனியில் தொடங்கி, திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம் வழியாக ஏறத்தாழ 500 கி.மீ. ஓடிச் சென்னைக் கத்திப்பாராவில் முடிகிறது. 2010இல் நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் இடப்பட்டபோது இந்த ஒரே சாலை ஐந்து துண்டாயிற்று. தேனி முதல் திண்டுக்கல் வரை 183, அங்கிருந்து திருச்சி வரை 83, விழுப்புரம் வரை 38, திண்டிவனம் வரை 132, பிறகு சென்னை வரை 32. ஆயினும் பேச்சு வழக்கில் 'என்.எச். 45' இன்னும் மறையவில்லை. செங்கல்பட்டுக்கு வடக்கே இதை ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) ரோடு என்றால்தான் தெரியும். எண் எதுவானாலும் சாலையின் வேலை ஒன்றுதான்: மலையடிவாரத்தின் விளைச்சலையும் வறண்ட மாவட்டங்களின் ஆட்களையும் தலைநகருக்குக் கொண்டுசேர்ப்பது.

தேனியின் சுமை பெரும்பாலும் தண்ணீரில் விளைந்தது. 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய ஆற்றைச் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பியது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல், திராட்சை, வாழை எல்லாம் அந்த நீரை நம்பியவை. மலைக்கு மேலே விளையும் ஏலக்காய், போடிநாயக்கனூர் ஏலத்துக்கு இறங்கி வந்து, வியாபாரிகள் கைமாறிச் சாலைக்கு வருகிறது. தேனியிலிருந்து வடகிழக்கே செல்லும் இருவழிச் சாலையின் இடப்பக்கத்தில் மலை நெடுந்தூரம் கூடவே வரும். வராக நதிக்கரைப் பெரியகுளம் மாந்தோப்புகளுக்குப் பேர்போன ஊர். தோட்டக்கலைக் கல்லூரி ஒன்றும் இங்கு இருக்கிறது. தேவதானப்பட்டி தாண்டியதும் காட்ரோடு பிரிவில் கொடைக்கானல் செல்லும் வண்டிகள் மலையேறத் திரும்பிவிடுகின்றன.

வத்தலக்குண்டு சிறிய ஊர்தான். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி.ஆர். ராஜமய்யரும், விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவும் பிறந்த மண் இது. இருவர் ஊரும் இதுதான் என்பதைப் பயணிக்கு உணர்த்தும்படி சாலையோரத்தில் பெரிய அடையாளம் ஒன்று நிற்பது நியாயமாக இருக்கும். அடுத்து வரும் செம்பட்டியில் ஒட்டன்சத்திரம், பழனி வழி பிரிகிறது.

திண்டுக்கல்லில் பாறை மேல் அமர்ந்த கோட்டை தொலைவிலேயே தெரியும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் தொடங்கியது. பின்னர் ஹைதர் அலியின் கைக்கு வந்து, திப்புவுடன் நடந்த போர்களுக்குப் பின் ஆங்கிலேயரிடம் போனது. பூட்டு, சுருட்டு, தோல் பதனிடுதல் என்று கைத்தொழிலால் வளர்ந்த நகரம். 2019இல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அதைச் செய்யும் கைகள் மிகக் குறைந்துபோயிருந்தன. அலிகரிலிருந்து வந்த விலை மலிந்த பூட்டுகள் சந்தையைப் பிடித்துக்கொண்டது அதற்கு முக்கியக் காரணம்.

திண்டுக்கல்லுக்கு வடக்கே நான்குவழிச் சாலை. வடமதுரை, அய்யலூர், வையம்பட்டி வரையிலான மண் மழையை நம்பி நிற்கும் மேட்டு நிலம். ஆடு வளர்ப்பும் நூற்பாலை வேலையும் இங்குள்ள குடும்பங்களைத் தாங்குகின்றன. அய்யலூரை ஒட்டிய குன்றுக்காடுகளில் தேவாங்குகள் வாழ்கின்றன. இந்தியாவின் முதல் தேவாங்குச் சரணாலயம் 2022இல் இப்பகுதியைச் சேர்த்தே கடவூரில் அறிவிக்கப்பட்டது. மணப்பாறையில் மாட்டுச் சந்தையும் முறுக்கும். முன்பு பேருந்துகள் ஊருக்குள் நின்று போகும். சன்னல் வழியாக முறுக்குப் பொட்டலம் விற்பவர்களின் பிழைப்பு அந்த இரண்டு நிமிட நிறுத்தத்தில் இருந்தது. பைபாஸ் வந்தபின் தொலைதூர வண்டிகள் ஊரைத் தொடாமலே போய்விடுகின்றன. சாலை நெடுகிலும் இதே கதைதான், ஆனால் மணப்பாறைக்கு அது அதிகம் வலித்திருக்கும்.

திருச்சியில்தான் சாலை முதன்முறையாகப் பெரிய ஆற்றைச் சந்திக்கிறது. காவிரி, பிறகு திருவரங்கத் தீவு, பிறகு கொள்ளிடம். வெள்ளம் வரும்போது உபரி நீரை ஏற்பது கொள்ளிடம்; ஆதலால் அதன் படுகை அகலமானது, பாலமும் நீளமானது. 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்தன. பக்கத்திலேயே புதிய பாலம் பயன்பாட்டுக்கு வந்து, பழையதில் வண்டிகள் போகாமல் இருந்ததால் பெருந்துயரம் தவிர்ந்தது. அக்கரையில் சமயபுரம். மாரியம்மன் திருவிழாக் காலங்களில் பாதயாத்திரை செல்பவர்கள் வண்டிகள் சீறும் சாலையின் ஓரமாகவே இரவிலும் நடக்கிறார்கள். அவர்களுக்கெனத் தனி நடைபாதை போடுவது இந்தச் சாலையில் செய்ய வேண்டிய முதல் வேலை.

பாடாலூரிலிருந்து பெரம்பலூர் மாவட்டம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் கரிசல் பரப்பு இது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் படிவில் புதைந்து கல்லான 18 மீட்டர் நீளமுள்ள மரம் சாலைக்குக் கிழக்கே சாத்தனூரில் கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை உலகுக்கு அறிவித்தார். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை சாலையை ஒட்டியே நிற்கிறது. 1751இல் ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபுக்கும் முகமது அலிக்கும் இதன் அருகே நடந்த வாலிகண்டபுரம் போரில் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கமும் ஆங்கிலேயர் மறுபக்கமும் நின்றனர். தெற்கிலிருந்து வடக்கே படை நடத்த வேண்டிய எவருக்கும் இந்த வழி தேவைப்பட்டது.

இந்தப் பகுதியில் சாலை நேராகவும் வெறிச்சோடியும் கிடக்கும், வேகம் கூடும். வீடு ஒரு பக்கமும் நிலம் மறுபக்கமுமாக இருக்கும் உழவர், ஆடுமாடுகளோடு நடுத்தடுப்பின் இடைவெளிக்கு வந்து காத்திருந்து கடக்கிறார். சுரங்கப்பாதையும் சர்வீஸ் ரோடும் எல்லா ஊருக்கும் கிடைக்கவில்லை. நகரங்களுக்கு இடையே மிச்சமான நேரத்தின் விலையை இந்தக் கிராமங்களே கொடுக்கின்றன.

வெள்ளாற்றைக் கடந்து தொழுதூர், வேப்பூர் வழியாக உளுந்தூர்பேட்டை. சேலம் சாலை இங்கே வந்து சேர்கிறது. கோவை, ஈரோட்டு வண்டிகள் கூடுவதால் போக்குவரத்து கனத்துவிடுகிறது. அடுத்தது தென்பெண்ணை. பெரும்பாலான மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஆறு, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் கரைபுரண்டு அரசூர் அருகே சாலை மேலேயே ஓடியது. சென்னைக்கும் திருச்சிக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோயிற்று. விழுப்புரம் தாண்டி விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை இணைகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சென்னையிலிருந்து ஊர் போகும் கூட்டம் இங்குள்ள சுங்கச்சாவடியில் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். திண்டிவனத்தில் புதுச்சேரி வழி சேர்கிறது.

இதற்கு மேல் ஏரிகளின் நாடு. செவ்வாடை அணிந்த பக்தர்கள் கூடும் மேல்மருவத்தூரை அடுத்து மதுராந்தகம். அதன் ஏரிதான் ஊரின் வாழ்வு, ஏரி காத்த ராமர் கோயிலும் அதன் கரையில்தான். படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். நீரில் மூழ்கி நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்ட, அவற்றின் எச்சத்தால் உரமேறிய நீரை உழவர்கள் வயலுக்குப் பாய்ச்சினார்கள். அதனாலேயே பறவைகளைச் சுடவிடாமல் தலைமுறைகளாகக் காத்தார்கள். அரசுச் சட்டம் பின்னால் வந்தது.

பாலாற்றைத் தாண்டிச் செங்கல்பட்டு வந்ததும் கிராமம் முடிகிறது. கொளவாய் ஏரியை அடுத்து எட்டு வழிச் சாலை, தொழிற்பூங்கா, அடுக்குமாடிகள். புதுநகராகத் திட்டமிடப்பட்ட மறைமலை நகரில் ஃபோர்டு கார் தொழிற்சாலை 1990களில் வந்து 2022இல் உற்பத்தியை நிறுத்தியது. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பேருந்து முனையம், தென்மாவட்டப் பேருந்துகளைக் கோயம்பேட்டுக்குப் போகாமல் நகர எல்லையிலேயே நிறுத்துகிறது. அதிகாலையில் மூட்டையோடு இறங்குபவர் நகருக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும்.

வண்டலூர் உயிரியல் பூங்கா, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம். திண்டுக்கல்லைப் போலவே குரோம்பேட்டை, பல்லாவரத்திலும் தோல் தொழில் ஒரு காலத்தில் ஓங்கியிருந்தது. பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கோடரியிலிருந்துதான் இந்தியத் தொல்பழங்கால ஆய்வு தொடங்கியது. திரிசூல மலை ஒரு பக்கமும் விமான நிலையம் மறுபக்கமுமாகச் சாலை பரங்கிமலைக்கு வருகிறது. 2008இல் திறந்த கத்திப்பாரா மேம்பாலத்தில் ஜி.எஸ்.டி. ரோடு முடிகிறது. அங்கிருந்து வடகிழக்கே அண்ணா சாலை, மேற்கே பூந்தமல்லி சாலை, வடக்கே கோயம்பேடு செல்லும் நூறடிச் சாலை பிரிகின்றன.