தெரிந்த கேள்வியை முதலில் எழுது



பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. "டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. உடம்பு சரியில்லாமல் போனது என் ஹார்ட் டிஸ்க்குக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப்போகிறேன்.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒரு போன். 2004-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பெண். இப்போது பனியன் கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகள். "டீச்சர், எங்கம்மா தவறிப்போய் வருஷம் ஆகப்போகுது. மாலை போட ஒரு நல்ல போட்டோ இல்ல. ஆதார் கார்டுல இருக்கிறது எங்கம்மா முகமே இல்ல டீச்சர். ஆண்டு விழாவுல அம்மாமாருக்குப் போட்டி வச்சீங்களே, அதுல போட்டோ எடுத்தீங்களே, இருக்குமா?" என்றாள்.

எனக்கு நன்றாக நினைவிருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்து நடக்கும் போட்டி. களை எடுத்துவிட்டு நேராக வயலிலிருந்து வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கலந்துகொண்டார் அந்த அம்மா. முதல் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். "இருக்கும்மா, இன்னிக்கு ராத்திரியே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படங்களை எல்லாம் 2012-இல் என் வீட்டுக்காரர் பொறுமையாக உட்கார்ந்து ஸ்கேன் செய்து, கையடக்க ஹார்ட் டிஸ்க் ஒன்றில் போட்டு வைத்திருந்தார். காகிதப் படங்கள் இருந்த அட்டைப் பெட்டியைப் பிறகு கரையான் தின்றுவிட்டது. "போனால் போகிறது, அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே" என்று நானே அள்ளிக் குப்பையில் போட்டேன். முதல் தப்பு அதுதான்.

அன்று இரவு டிஸ்க்கைச் செருகினால் விளக்கு எரிகிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை. நடுநடுவே 'டிக், டிக்' என்று பல்லி கத்துவது போல ஒரு சத்தம். பிடுங்கிப் பிடுங்கி ஏழெட்டு முறை செருகினேன். ஒரு முறை திரையில், பயன்படுத்த வேண்டுமானால் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கேட்டது. 'சரி' என்று அழுத்தக் கை போய்விட்டது. நல்லவேளை, என் வீட்டுக்காரர் தடுத்தார்.

மறுநாள் டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் நம் மாணவன் ஒருவனிடம் கொண்டுபோனேன். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். வாய்ப்பாடு பதிமூன்றுக்கு என்னிடம் வாங்கிய அடியை இன்னும் மறக்காதவன்! நான் நடந்ததைச் சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

"கால் உடைஞ்ச பிள்ளையை ஏழெட்டு தடவை ஓடவிட்டுப் பார்த்திருக்கீங்க டீச்சர்" என்றான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அந்தப் பெட்டிக்குள் பளபளப்பான தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன் மேல் படாமல், மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான இடைவெளியில், படிக்கும் முனை மிதக்கிறது. முனை பழுதானாலோ தட்டில் கீறல் விழுந்தாலோ, ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். "சத்தம் விடாம வந்தா என்னால முடியாது டீச்சர். தூசியே இல்லாத ஆய்வகத்துலதான் பிரிக்கணும், செலவு ரொம்ப ஆகும். இது இன்னும் சுத்துது. ஒரே ஒரு முயற்சி பண்ணலாம். ஆனா வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றான்.

அவன் செய்தது இதுதான். டிஸ்க்கில் இருக்கும் படங்களைத் திறக்கவே முயலவில்லை. டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச மென்பொருள், லினக்ஸில் ஓடுவது. அது பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புது டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கிறது. முதல் சுற்றில் சிரமமில்லாமல் படிக்க முடிந்த இடங்களை மட்டும் வேகமாக எடுத்துக்கொள்ளும். மக்கர் செய்யும் இடம் வந்தால் அதில் முட்டிக்கொண்டு நிற்காமல், குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். எல்லாம் முடிந்தபிறகுதான் குறித்து வைத்த இடங்களுக்குத் திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக முயலும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

"புரியலையா டீச்சர்? தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுது, தெரியாததுல உட்கார்ந்து நேரத்தைப் போக்காத, கடைசியில வந்து பாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க" என்றான்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பாடத்தை நானே மறந்துவிட்டுத்தான் ஒரே இடத்தில் ஏழெட்டு முறை முட்டியிருக்கிறேன்.

மூன்று பகல், மூன்று இரவு ஓடியது. பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் அட்டவணை சிதைந்துவிட்டது. வருகைப் பதிவேடு கிழிந்துவிட்டது, பிள்ளைகள் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஃபோட்டோரெக் என்று இன்னொரு மென்பொருள். ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரிக் குறியோடுதான் தொடங்குமாம். அதை வைத்துத் தேடிப் பிடித்துவிடுகிறது. ஆனால் பெயர் இருக்காது, வெறும் எண்தான். இப்படி ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள், வருடமும் வகுப்பும் கலைந்து, குவியலாக என் கைக்கு வந்தன.

நான் தட்டச்சு செய்த ஆண்டு விழா நாடகங்களும் கிடைத்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. போச்சு என்று நினைத்தேன். அது பழுதில்லை, பழைய பாமினி எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். ஒருங்குறிக்கு மாற்றியதும் வரி வரியாகத் தமிழ் வந்துவிட்டது.

நான்கு இரவு கண்விழித்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான்காம் நாள் விடியற்காலையில் குடம் கண்ணில் பட்டது. படத்தின் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். அந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. மேல்பாதி முழுசாக இருந்தது. இடுப்புக்குக் கீழே அந்த அம்மா இல்லை. மேலே, தலையில் குடம், வாய்கொள்ளாச் சிரிப்பு.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு குரல் பதிவு ஒன்று வந்தது. "குடத்தைக் கையால பிடிக்காமலே நடந்திருக்கு பாருங்க டீச்சர்." அவ்வளவுதான், அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. எனக்கும் பதில் சொல்ல வரவில்லை.

எல்லாம் திரும்பவில்லை. 2007, 2008 இரண்டு ஆண்டுப் படங்களும் பெரும்பாலும் போய்விட்டன. அந்த ஆண்டு மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

டீச்சர் என்றால் கடைசியில் குறிப்பு எழுதிப்போடாமல் விடமாட்டேன். எழுதிக்கொள்ளுங்கள்:

1. டிஸ்க்கில் புதிதாகச் சத்தம் வந்தாலோ, வழக்கத்தைவிட மெதுவானாலோ உடனே கழற்றி வையுங்கள். 'இன்னொரு தடவை பார்ப்போம்' வேண்டாம்.

2. ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

3. மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் நிறுவாதீர்கள். மீட்டதையும் அதிலேயே சேமிக்காதீர்கள். அழித்த கோப்பு உடனே மறைவதில்லை. அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும்போதுதான் மறைகிறது.

4. ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்தும் பார்க்காதீர்கள்.

5. முக்கியமானது: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது இணையத்தில். ஒரே இடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

இப்போது உதவி. மீண்ட படங்களில் பெயர் தெரியாத முகங்கள் நிறைய. வாரம் பத்துப் படம் இங்கே போடுகிறேன். யார், எந்த ஆண்டு என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். 2007, 2008-இல் படித்தவர்கள், வீட்டுப் பரணில் பள்ளிப் படம் ஏதாவது இருந்தால் போனில் எடுத்து அனுப்புங்கள். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், இன்று ஞாயிற்றுக்கிழமைதானே. அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால், ஆதார் முகமாக இல்லாமல் சிரித்த முகமாக ஒரு படம் எடுத்து வையுங்கள். எடுத்த கையோடு இரண்டு பேருக்கு அனுப்பியும் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்