இரவில் யார் விழித்திருப்பார்?

நீலாங்கரையிலோ புதுச்சேரியிலோ ஸ்கூபா பழகி, ஓபன் வாட்டர் அட்டையும் கைக்கு வந்துவிட்ட தாம்பரத்துக்காரருக்கு அடுத்து வரும் ஆசை லிவ்அபோர்டு பயணம். கரையில் அறை எடுக்காமல் படகிலேயே ஏழு இரவு தங்கி, நாளைக்கு மூன்று நான்கு முறை கடலில் இறங்குவது. நம் கரையோரக் கலங்கல் நீரில் பழகியவருக்கு மாலத்தீவின் தெளிவும் தாய்லாந்தின் சிமிலான் தீவுகளின் பவளமும் கனவில் வருவது நியாயம்தான். விளம்பரமும் அந்த இடம் பார்த்தே அடிக்கிறது: திமிங்கிலச் சுறா, மாண்டா திருக்கை, மேல்தளத்தில் வெந்நீர்த் தொட்டி, கட்டில்மேல் அன்னமாக மடித்து வைத்த துண்டு. மீன் பட்டியலைக் கடைசியில் பார்க்கலாம், முதலில் படகைப் பாருங்கள் என்பது என் கட்சி. நான்கு டைவும் சேர்ந்தால் நான்கு மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. மீதி இருபது மணி நேரமும் படகுதான் வீடு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, "இங்க தண்ணி எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்கப் பழகிவிட்டார்கள். விடுமுறைக்குக் காசு கட்டும்போது மட்டும் அந்தப் புத்தி எங்கோ போய்விடுகிறது.

2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் தீவருகே நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். மேலே படுத்திருந்த ஐந்து ஊழியர்கள் பிழைத்தார்கள். கீழிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. ஆனால் இரண்டும் போய்ச் சேர்ந்தது ஒரே கூடத்தில். அந்தக் கூடம்தான் எரிந்துகொண்டிருந்தது. தீ எதனால் பிடித்தது என்பதை விசாரணையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரவில் சுற்றிப் பார்க்க ஒருவரும் விழித்திருக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொன்னது. கப்பல் தலைவருக்கு 2024இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. செங்கடலின் கதையும் ஆறுதலாக இல்லை. 2023 ஜூனில் ஹரிகேன் என்ற படகு எரிந்து மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள். 2024 நவம்பர் 25 அதிகாலை சீ ஸ்டோரி கவிழ்ந்தபோது இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாகப் பதினொரு பேர். அது கட்டி இரண்டே ஆண்டான படகு. ஆகவே "புத்தம் புதுப் படகு" என்ற விளம்பர வரியை நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மேல்தளத்தில் ஏற்றும் பாரம் கூடக் கூடப் படகின் நிலைப்பு குறையும் என்பதால், அந்த வெந்நீர்த் தொட்டியைக்கூடக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்ப்பதில் தவறில்லை.

இத்தனை படகுகள் ஓடும் உலகில் விபத்து அபூர்வம், ஜி.எஸ்.டி. சாலையில் பைக் ஓட்டுவதைவிட இது ஆபத்தா என்று கேட்பார்கள். அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலையில் அடிபட்டால் குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. நடுக்கடலில் படகில் இருப்பதுதான் இருப்பு. இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா 6000 என்ற நீர்மூழ்கிக் கலத்தை உருவாக்கி வருகிறது. வழக்கமான பயணத்துக்கு 12 மணி நேரம். ஏதாவது ஆகிவிட்டால் தாக்குப்பிடிக்க 96 மணி நேரம். எட்டு மடங்கு! அபூர்வமாக நடப்பதற்குத்தான் அங்கே இவ்வளவு இடம் ஒதுக்குகிறார்கள். உல்லாசப் படகிடம் நாம் கேட்பது அதில் ஒரு துளிதான்: இரவு முழுக்க யார் விழித்திருப்பார், அறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே போய் முடிகிறது, லித்தியம் பேட்டரிகளை எங்கே வைத்து சார்ஜ் செய்கிறீர்கள், முதலுதவிக்கான ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது.

படகு தேறினால் அடுத்தது காலம். நம் விடுமுறை மே மாதம். கடலின் விடுமுறையும் பல இடங்களில் அப்போதே தொடங்கிவிடுகிறது. சிமிலான் தேசியப் பூங்காவை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுவார்கள். மாலத்தீவில் மே மாதம் தென்மேற்குக் காற்று இறங்கும். மாண்டா கூட்டங்களுக்குப் பேர்போன ஹனிஃபாரு வளைகுடாவில் அவை திரள்வது அந்தப் பருவத்தில்தான்; நுண்ணுயிர்கள் பெருகி நீர் மங்கும்போதுதான் அவற்றுக்கு விருந்து. அங்கே சிலிண்டரோடு இறங்கவும் அனுமதியில்லை, மேலே மிதந்து பார்க்கலாம், அவ்வளவே. தெளிந்த நீரையும் மாண்டா கூட்டத்தையும் ஒரே வாரத்தில் வாக்களிக்கும் விளம்பரத்தை இதை வைத்தே எடைபோடலாம். காலமும் பொருந்தினால் அடுத்தது நம் தகுதி. ஓபன் வாட்டர் அட்டை 18 மீட்டருக்குத்தான் செல்லும். மாலத்தீவின் பேர்பெற்ற இடங்கள் பலவும் தீவுத்திட்டுகளுக்கு இடையிலான கால்வாய்கள். நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் அங்கே ஆளை இழுத்துக்கொண்டு போகும். புதிதாகப் பழகியவர் முதலில் அந்தமானில் ஸ்வராஜ் தீவில் தங்கி, காலையில் போய் மதியம் திரும்பும் படகுகளில் பத்து இருபது முறை இறங்கிவிட்டு வருவது நல்லது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இவ்வளவும் பார்த்தால் செலவு ஏறாதா என்றால், ஏறும். அந்தச் செலவை நாளைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஏழு இரவு மட்டமான படகைவிட நான்கு இரவு நல்ல படகு மேல். திரும்பும் டிக்கெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. பல நாள் தொடர்ந்து மூழ்கியவர் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். இல்லையென்றால் உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழாகி வேலையைக் காட்டலாம். மலிவான இரவு விமானத்துக்காகக் கடைசி நாள் காலையிலும் ஒரு டைவ் என்று திட்டம் போட்டுத் தரும் ஏஜென்ட் இந்தக் கணக்கை அறியாதவர், அல்லது அறிந்தும் பொருட்படுத்தாதவர். இத்தனை கேள்வி கேட்டால் அவருக்குக் கோபம் வராதா என்று தயங்குகிறவர்களும் உண்டு. ஒழுங்காகப் படகு நடத்துகிறவருக்கு இவை பழகிய கேள்விகள். தளப்படத்தோடு பதில் அனுப்புவார். "எல்லாம் சேஃப் சார், கவலைப்படாதீங்க" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தால், தளப்படம் வந்து சேரும்வரை அட்வான்ஸ் கட்டாமல் இருக்கலாம்.